பெயிண்டை முதலில் அடித்தேன்: ஒரு ஹை பானட் ஜீப்புக்குப் போன 26 மாதம்

காரைக்குடியைச் சுற்றிப் பழைய ஜீப் தேடுவது பெரிய காரியமில்லை. பெரிய வீடுகளின் பின்கட்டு ஷெட்டுகளில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு இன்னும் ஒன்றிரண்டு தூங்குகின்றன. நான் வாங்கியதும் அப்படி ஒன்றுதான். 1964-ல் பதிவான மஹிந்திரா சிஜே-3பி, பெட்ரோல், நம்மூர்க்காரர்கள் ‘ஹை பானட்’ என்பார்களே, அது. விலை 1,75,000 ரூபாய். அதற்குப் பிறகு செலவழித்தது 5,40,000. ஜீப்புக்கு இவ்வளவு போனதில் எனக்கு வருத்தமில்லை. அதில் 80,000-க்குக் குறையாமல் என் அவசரத்துக்கும் அறியாமைக்கும் போனதே, அதுதான் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. இதில் இறங்க நினைக்கும் ஒருவருக்காவது அந்தப் பணம் மிஞ்சட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் அடி பேப்பரில் விழுந்தது. ஆர்.சி. புத்தகத்தில் இருந்த பெயர் விற்றவருடைய ஐயாவின் பெயர். அவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. உயிரோடு இருப்பவர் விற்றால் படிவம் 29-ம் 30-ம் போதும். உரிமையாளர் இறந்திருந்தால் முதலில் படிவம் 31-ல் வாரிசு பெயருக்கு மாற்றி, அதன்பிறகுதான் நம் பெயருக்கு வரும். வாரிசுச் சான்றிதழில் ஏழு பேர். ஒருவர் கோலாலம்பூரில், இருவர் சென்னையில், ஒருவருக்கும் இன்னொருவருக்கும் வீட்டுப் பங்கில் பேச்சுவார்த்தையே இல்லை. ஒரு ஜீப்புக்காக ஏழு ஆட்சேபணை இல்லாக் கடிதம் வாங்க எனக்கு எட்டு மாதம் ஆனது. ஆகவே முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். கால் பங்கு முன்பணம், மீதி வாரிசு பெயரில் ஆர்.சி. மாறிய பிறகு என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முன்பணம் கொடுக்கும் முன் இன்னொன்று: சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) எண்ணையும் எஞ்சின் எண்ணையும் நீங்களே பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். இந்த எஞ்சினில் எண், எஞ்சினின் வார்ப்பு உடலான பிளாக்கின் முன்பக்கம், தண்ணீர் பம்ப்புக்குப் பக்கத்தில் இருக்கும். அறுபது வருட கிரீஸும் தூசியும் அதன்மேல் அப்பியிருக்கும். வயர் பிரஷ் கொண்டு போங்கள்.

அந்த எட்டு மாதம் சும்மா இருக்கக் கூடாதென்று நான் செய்த வேலைதான் பெரிய தப்பு. டிங்கரிங், பட்டி, பெயிண்ட் எல்லாம் முடித்துவிட்டேன். 92,000 ரூபாய். ஆலிவ் பச்சையில் வண்டி மினுமினுவென்று நின்றது. வருகிறவன் போகிறவன் எல்லாம் போட்டோ எடுத்தான். பிறகு சஸ்பென்ஷனுக்காக வண்டியைத் தூக்கிய அன்று, முன்பக்க கிராஸ் மெம்பர் (குறுக்குச் சட்டம்) சேசிஸோடு சேரும் இடத்தில் விரல் நீளத்துக்கு விரிசல் தெரிந்தது. முன் ஸ்பிரிங் ஹேங்கர் ஒன்றின் ரிவெட்டும் ஆட்டம். வெல்டிங் வைக்காமல் முடியாது. வைத்தால் மேலே பெயிண்ட் பொரியும். பாடியை மறுபடி இறக்கும்போது இரண்டு இடத்தில் ஒடுங்கியது. இரண்டாவது பெயிண்டுக்கு 61,000. எங்கள் செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளை கலந்து முட்டைப் பூச்சு பூசினார்களே, அடிச் சுவர் காய்ந்து இறுகிய பிறகுதான் கடைசிக் கைக்கு வருவார்கள். அந்த ஊரில் பிறந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

தேவகோட்டை ரஸ்தா பக்கம் இன்னொரு ஹை பானட் இருப்பது எனக்குத் தெரிந்ததே ஒரு வருடம் கழித்துத்தான். லேத் பட்டறையில் என் கிராங்க்கைப் பார்த்துவிட்டு, “இது யார் வண்டி தம்பி?” என்று விசாரித்துக்கொண்டு அந்த ஜீப்பின் சொந்தக்காரர் வந்தார். என்னைவிட இருபது வயது மூத்தவர், நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் பழுப்பு அட்டை போட்ட பள்ளிக்கூட நோட்டு ஒன்று இருக்கிறது. கழற்றிய ஒவ்வொரு போல்ட்டும் எங்கிருந்து வந்தது, என்ன நீளம், எத்தனை வாஷர் என்று எழுதி, அந்த போல்ட்டுகளைப் பழைய வேட்டித் துணியில் முடிந்து முடிச்சில் அதே எண்ணைச் சீட்டாகக் கட்டியிருந்தார். நான் எல்லா போல்ட்டையும் ஒரே எண்ணெய் டின்னில் போட்டு வைத்திருந்தேன். அவர் டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் இரண்டு வண்டியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட ஆரம்பித்தோம். கீழே வருவதில் பாதி அந்த நோட்டிலிருந்து வந்தது.

எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இதன் பெயர் ஹரிக்கேன். நான்கு சிலிண்டர், 134 கன அங்குலம், அதாவது 2.2 லிட்டர். போர், அதாவது சிலிண்டர் துளையின் விட்டம், 79.4 மில்லிமீட்டர்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 111 மில்லிமீட்டர். காற்று உள்ளே வரும் வால்வு பிளாக்கின் மேல் மூடியான ஹெட்டில், புகை வெளியே போகும் வால்வு பிளாக்கில் என்று இரண்டுங்கெட்டான் அமைப்பு. பழைய லோ பானட் வண்டிகளின் எஞ்சினைவிட உயரம் அதிகம். அதற்காகத்தான் 1953-ல் அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனத்தார் பானட்டை உயர்த்தி இந்த மாடலைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் 1968-ல் நிறுத்திய பிறகும் இங்கே மஹிந்திரா தயாரித்துக்கொண்டிருந்தது. இந்த அமைப்பு தெரியாத மெக்கானிக் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு என் வண்டி சாட்சி.

பல வருடம் நின்ற எஞ்சின் ஜாமாகித்தான் இருக்கும். கியரில் போட்டு டிராக்டர் கட்டி இழுக்கச் சொல்வார்கள். இழுக்காதீர்கள். ஹெட்டில் உள்ள வால்வு கைடில் பிடித்துக்கொண்டிருந்தால் அதைத் தள்ளும் கம்பியான புஷ் ராட் வளையும், எனக்கு இரண்டு வளைந்தது. நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் 50 மில்லி அளவு டீசலும் மெல்லிய எஞ்சின் ஆயிலும் சரிபாதி கலந்து ஊற்றி, ஒரு வாரம் தினமும் கொஞ்சம் சேர்த்து ஊறவிடுங்கள். பிறகு பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டிங் ஹேண்டிலைப் போட்டு மெல்ல அசைத்துப் பாருங்கள். சுற்ற ஆரம்பித்ததும் பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள தகட்டு மூடியைத் திறந்தால் புகை வால்வின் ஸ்பிரிங்குகள் கண்ணுக்குத் தெரியும். ஒருவர் ஹேண்டிலைச் சுற்ற, இன்னொருவர் டார்ச் அடித்து ஒவ்வொன்றும் ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்காமல் நிற்கும் வால்வு இருந்தால் அந்தச் சிலிண்டரில் கம்ப்ரஷன் அறவே இருக்காது. ரிங் போய்விட்டது என்று அதற்கு முடிவு கட்டிவிடாதீர்கள்.

அடுத்தது ஹெட். எல்லா போல்ட்டையும் கழற்றியாயிற்று, ஹெட் அசையவில்லை. உளியைச் செருகித் தட்டினார் மெக்கானிக், நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். உளி ஹெட் முகத்தில் கீறிவிட்டது. ஹெட் முகத்தைச் சமமாக்கும் ஃபேஸிங், கேஸ்கட் எல்லாம் சேர்த்து 7,500 தண்டம். உண்மையில் ஒரு போல்ட் பாக்கி இருந்தது. கார்புரேட்டரைக் கழற்றி அது உட்கார்ந்திருந்த துளைக்குள் டார்ச் அடித்தால் அடியில் தெரியும். வெளியிலிருந்து பார்த்தால் அப்படி ஒன்று இருப்பதற்கான அடையாளமே கிடையாது. திரும்பப் பூட்டும்போதும் அதை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே போகும் வரிசையில், மூன்று சுற்றாக, டார்க் ரென்ச்சில் 60 முதல் 70 அடி-பவுண்டு வரை இறுக்குங்கள். கைக்கணக்கு வேண்டாம்.

போர் தேய்ந்து என் வண்டிக்கு 30 சைஸ் (அசலைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் 30 பங்கு பெரிய) பிஸ்டன் போட வேண்டியதாயிற்று. இங்கே ஒரு விஷயம். போர் போட்டுவிட்டுப் பிஸ்டன் தேடாதீர்கள். பிஸ்டனைக் கையில் வாங்கி, அதைப் பட்டறையில் கொடுத்து, அதற்கு அளவாகப் போர் போடச் சொல்லுங்கள். பெட்டியில் 30 என்று எழுதியிருந்தாலும் செட்டுக்குச் செட் கொஞ்சம் வித்தியாசம் வருகிறது. கிராங்க் பேரிங்குக்கும் இதே கதைதான். எஞ்சின் வேலை மொத்தம் 1,12,000 ஆனது. டியூனிங் அளவுகளை அண்ணன் நோட்டிலிருந்து அப்படியே தருகிறேன், கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வு இடைவெளி, ஹெட் பக்கம் 0.46 மில்லி, பிளாக் பக்கம் 0.40 மில்லி. டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளி 0.5 மில்லி, பிளக் 0.75 மில்லி. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. தீப்பொறி டைமிங், பிஸ்டன் உச்சிக்கு வரும் மேல் மையத்துக்கு 5 டிகிரி முன்னால். என் மெக்கானிக் இரண்டு வால்வுக்கும் ஒரே அளவு வைத்திருந்தார். சூடானதும் இழுவை குறைந்து, சைலன்ஸரில் படபடவென்று அடித்தது. ஃபீலர் கேஜ் எடுத்துத் திருத்த அரை நாள்கூட ஆகவில்லை.

கியர் பாக்ஸ் எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரி தொல்லை தந்தது. மூன்று கியர் டி-90 பாக்ஸ், அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு, முன் பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் ஸ்பைசர் 18 ட்ரான்ஸ்ஃபர் கேஸ். இரண்டுக்கும் தனித்தனி ஆயில், தனித்தனி லெவல் பிளக். முன்னதற்கு சுமார் 1.4 லிட்டர், பின்னதற்கு 1.5 லிட்டர். நடுவில் உள்ள சீல் தேய்ந்தால் ஒன்றின் ஆயில் மற்றதற்குள் ஓடும். ஒரு பக்கம் லெவல் குறையும், மறுபக்கம் பிளக்கைத் திறந்தால் கொட்டும். கீழே சொட்டு இல்லையே, ஆயில் எங்கே போகிறது என்று மாதக்கணக்கில் குழம்பினேன். ட்ரான்ஸ்ஃபர் கேஸ் நிரம்பி வழிந்தால் அடுத்து பின் ஷாஃப்ட் சீல் வழியாக ஹேண்ட்பிரேக் ட்ரம்முக்குள் இறங்கும். இந்த வண்டியில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை, ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கிறது. ஆயில் குடித்த ஷூ பிடிக்காது. நான் சீலைப் பார்க்காமல் ஷூவை மட்டும் இரண்டு முறை மாற்றினேன், 6,000 ரூபாய். ஆயில் வாங்கும்போது கேனைத் திருப்பிப் படியுங்கள். 90 கிரேடு என்றால் மட்டும் போதாது, ஜிஎல்-4 ஆக இருக்க வேண்டும். ஜிஎல்-5 ஆயிலில் சேர்க்கும் கந்தகச் சேர்மானம் கியர் உரசாமல் மாற உதவும் பித்தளை சின்க்ரோ வளையத்தை அரித்துவிடும். கடையில் ஜிஎல்-5 தான் முதலில் எடுத்துக் கொடுப்பார்கள்.

முதல் ஓட்டத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் கையை உதறியது. குன்றக்குடி சாலையில் உயிர் போய் வந்தது. எல்லோரும் சொன்ன வைத்தியம் ஸ்டீயரிங் பாக்ஸ் மேலிருக்கும் ஸ்குரூவை இறுக்குவது. இறுக்கினேன், திருப்பத்தில் ஸ்டீயரிங் திரும்பி வரவில்லை, உதறல் அப்படியே இருந்தது. அண்ணன் சொன்னது, “தம்பி, சக்கரத்திலிருந்து ஆரம்பிச்சு கைக்கு வா. கையிலிருந்து சக்கரத்துக்குப் போகாதே.” முன் ஆக்ஸிலைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால், சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சான கிங் பின்னின் பேரிங் தேய்ந்திருப்பது தெரிந்துவிடும். அதற்கு மேலும் கீழும் ஷிம் என்ற மெல்லிய தகடுகள் உண்டு. ஒரே பக்கம் எடுக்காமல் இரண்டு பக்கமும் சமமாக எடுக்க வேண்டும். அடுத்து, சக்கரங்களைத் திருப்பும் டை ராடுகளின் எண்டுகள். அதற்கடுத்து முன் கிராஸ் மெம்பரின் நடுவில் இருந்து, ஸ்டீயரிங்கின் இழுப்பை டை ராடுகளுக்குக் கடத்தும் பெல் கிராங்க். குற்றவாளி என் வண்டியில் அதுதான், பின் ஒரு பக்கமாகத் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. ரிப்பேர் கிட் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. இதெல்லாம் முடிந்த பிறகுதான் பாக்ஸில் கை வைக்க வேண்டும்.

சக்கர போல்ட் பற்றி ஒரு வரி. இடது பக்கச் சக்கரங்களில் மரை எதிர்ப்பக்கம் போகும், ஸ்டட் முனையில் ‘எல்’ என்ற ஆங்கில எழுத்து பொறித்திருக்கும். துருவும் பெயிண்டும் அதை மறைத்திருந்தது. பஞ்சர் கடைப் பையன் நீளக் குழாய் மாட்டி இன்னும் இறுக்கிக்கொண்டே போனான், இரண்டு ஸ்டட் ஒடிந்தது. அவனைக் குறை சொல்ல முடியாது, அவன் பிறப்பதற்கு முன்பே அந்தப் பழக்கம் ஒழிந்துவிட்டது. இப்போது இடது சக்கரத்தில் சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறேன்.

பிரேக்கில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒரே சர்க்யூட், எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், மூன்று ரப்பர் ஹோஸ் எல்லாம் புதிதாகவே போடுங்கள். பெட்ரோல் பக்கம் வேறு பிரச்சினை. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை. பழைய ரப்பர் ஹோஸும் பம்ப் டயாஃப்ரமும் அதில் ஊறிக் குழைந்து, துணுக்குத் துணுக்காக கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும். டேங்க் ஓட்டுநர் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது என்பதால் கசிவை அலட்சியப்படுத்த முடியாது. எத்தனால் தாங்கும் ஹோஸ் கேட்டு வாங்குங்கள். வண்டி ஒரு மாதத்துக்கு மேல் நிற்குமானால் கார்புரேட்டரை வற்றவிட்டு நிறுத்துங்கள்.

துரு எடுக்க மணல் வீச்சு அடிக்கலாம், ஆனால் மெல்லிய தகடு அலையலையாக வளைந்துவிடும். சின்னச் சாமான்களுக்கு மின்பகுப்பு முறை நன்றாக வேலை செய்கிறது. 1948-ல் அழகப்ப செட்டியார் கொடுத்த நிலத்தில் நேரு அடிக்கல் நாட்டிய செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கும் ஊர், இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி? பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சலவை சோடா. துருப்பிடித்த சாமானுக்கு 12 வோல்ட் சார்ஜரின் நெகட்டிவ், சுற்றிலும் நிறுத்திய பழைய இரும்புக் கம்பிகளுக்குப் பாசிட்டிவ். மாற்றிக் கொடுத்துவிட்டால் உங்கள் சாமான் கரைந்துவிடும். ஒரு இரவில் துரு கருஞ்சேறாக உதிரும். எவர்சில்வர் கம்பி போடவே கூடாது, நச்சு குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் திறந்தவெளியில் செய்யுங்கள், பக்கத்தில் பீடி கூடாது. ஸ்பிரிங் பட்டையையும் உறுதியான போல்ட்டுகளையும் இதில் போடாதீர்கள், ஹைட்ரஜன் ஏறி நொறுங்கும் தன்மை வந்துவிடும். பாடியின் அடியில் பெட்டி மாதிரி மடித்த தாங்கு சட்டங்கள்தான் முதலில் துருப்பிடிக்கும் இடம், உள்ளே செம்மண் ஈரத்தோடு தங்கிவிடுகிறது. சுத்தியால் தட்டிப் பாருங்கள். ‘ணங்’ என்றால் சரி. ‘பொத்’ என்றால் வெட்டி எடுத்து 1.2 மில்லி தகட்டில் புதிதாக மடித்துப் போட வேண்டும், மேலே பட்டி அப்பினால் ஒரு மழைக்குத்தான் தாங்கும்.

பாகங்களுக்கு நான் முதலில் அலைந்தது சென்னை புதுப்பேட்டை, பிறகு டெல்லி காஷ்மீரி கேட் கடைகளிலிருந்து பார்சல். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஜீப் விளக்கும் மீட்டரும் கண்ணில் பட்டால் மயங்காதீர்கள், அங்கே விலை அலங்காரப் பொருளுக்கான விலை. எந்தப் பாகத்துக்கும் ‘ஜீப்புக்கு’ என்று கேட்டால் டீசல் ஜீப்புக்குக் கொடுத்துவிடுவார்கள். பழைய சாமானைக் கையோடு கொண்டுபோய், வெர்னியர் வைத்து அளந்து வாங்குங்கள்.

அண்ணனுடைய கஷ்டம் வேறு தினுசு. 1971 வண்டி, எப்போதோ யாரோ டீசல் எஞ்சின் ஏற்றிவிட்டார்கள், ஆர்.சி.யில் இன்னும் பெட்ரோல். 50 வருடம் தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று பதிவுசெய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அவர் வண்டி அங்கேயே அடிபட்டது. இப்போது பில்லோடு ஒரு ஹரிக்கேன் எஞ்சின் தேடுகிறார், பில் இல்லாத பிளாக் எத்தனையோ கிடைக்கிறது. நான் விண்டேஜ் பக்கம் போகவில்லை. அதில் பதிந்தால் கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று மட்டும்தான் சாலையில் ஓட்டலாம். எனக்குக் கண்மாய்க்கரைக்கும் சந்தைக்கும் ஓட்ட வேண்டும், அதனால் படிவம் 25-ல் சாதாரணப் புதுப்பிப்புதான் செய்தேன். 5 வருடத்துக்கு ஒருமுறை திரும்பக் காட்ட வேண்டும், காட்டிக்கொள்கிறேன்.

வண்டி இப்போது 55-ல் உதறாமல் ஓடுகிறது. பாக்கி இருப்பது இரண்டாவது கியர். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டதும் தானாக நியூட்ரலுக்குத் துள்ளுகிறது. எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங்கின் போல்ட்டுகள் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தாயிற்று, இறுக்கமாகத்தான் இருக்கிறது. அடுத்து மேல் மூடியைத் திறந்து ஷிஃப்ட் ராடைப் பிடிக்கும் குண்டின் ஸ்பிரிங், அது சரியென்றால் ஃபோர்க், அதுவும் சரியென்றால் சின்க்ரோ. வருகிற ஞாயிற்றுக்கிழமை திறக்கிறோம். வேட்டித் துணியும் சீட்டும் இந்த முறை நானே கிழித்து வைத்துவிட்டேன்.